இரும்பு தரையில் படாத ஆட்டம்

விருதுநகர் மாவட்டத்தில் கோல்ஃப் மைதானம் கிடையாது. இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும். இங்கே இருப்பதெல்லாம் கரிசல் மண், சீமைக்கருவேலம், வெயில், அந்த வெயிலை நம்பிப் பிழைக்கும் தீப்பெட்டி, பட்டாசுக் கம்பெனிகள். புல் என்பது மழை பெய்தால் ரெண்டு வாரம் தங்கிவிட்டுப் போகும் விருந்தாளி. இப்படிப்பட்ட ஊரில் கார் டிக்கியில் கோல்ஃப் பையோடு திரிகிற ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். ஒரு தடவை சாத்தூர் ரோட்டில் வண்டியை மறித்துச் சோதனை போட்ட காவலர் பையைத் திறந்து பார்த்துவிட்டு, "இது எந்தக் கோயில் திருவிழாவுக்கு?" என்று கேட்டார். விளக்கினேன். விளக்கி முடித்தபோது அவர் முகத்தில் சந்தேகம் முன்னைவிடக் கூடியிருந்தது.

நாரணாபுரத்துப் பக்கம் ஒரு சின்னப் பட்டாசுக் கம்பெனியை நானும் என் மனைவியும் சேர்ந்து நடத்துகிறோம். சேர்ந்து என்றால், அவள் நடத்துகிறாள். நான் ஆர்டர் பிடிக்கிறேன், லாரிக்காரர்களோடு சண்டை போடுகிறேன், சீசன் நேரத்தில் கத்துகிறேன். கத்திக் கத்திச் சர்க்கரை ஏறிவிட்டது. தினமும் நடங்கள் என்றார் டாக்டர். எங்கள் ஊரில் ஒரு மனிதன் நடந்து போவதைப் பார்த்தால் ஊருக்குப் பொறுக்காது. "அண்ணாச்சி, என்ன நடந்து போறீக, ஏறுங்க வண்டியில" என்று ஒவ்வொருவரும் பைக்கை நிறுத்துவார்கள். வேண்டாம் என்றால் கோபம் வேறு. நடக்கப் போன நாட்களில் பாதி நாள் யாராவது ஒருவர் வண்டியின் பின்னால் உட்கார்ந்துதான் வீடு திரும்பினேன்.

அந்த நேரத்தில்தான் மச்சினன் உள்ளே வந்தான். என் மனைவிக்குத் தம்பி. கோயம்புத்தூரில் பம்பு செட்டுக்குப் பாகம் வார்க்கிற பட்டறை வைத்திருக்கிறான். நாலு காசு வந்ததும் கோல்ஃப் பழகிக்கொண்டான். "அத்தான், நடக்கணும்னா கோல்ஃப் ஆடுங்க. எவனும் லிஃப்ட் குடுக்க மாட்டான்" என்று சொல்லித் தன் பழைய மட்டைகளையெல்லாம் என் தலையில் கட்டினான். கொடைக்கானல் மலைமேல் இருக்கும் மைதானத்துக்கு வருஷத்துக்கு ரெண்டு மூன்று தடவை கூட்டிக்கொண்டும் போவான்.

ஆட்டத்தைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஒரு சின்னப் பந்தை மட்டையால் அடித்து அடித்துத் தூரத்தில் இருக்கும் ஒரு குழிக்குள் தள்ள வேண்டும். இப்படிப் பதினெட்டுக் குழி. மொத்தம் எத்தனை அடி அடித்தாயோ அதுதான் மார்க். மார்க் குறையக் குறையப் பாஸ். பள்ளிக்கூடத்தில் இந்த முறை இருந்திருந்தால் நான் கலெக்டராகியிருப்பேன்.

எனக்குத் தூர அடி பிரமாதமாக வந்தது. முதல் அடிக்குப் பந்தைத் தரையிலிருந்து ஒரு மரக்குச்சியின்மேல் தூக்கி வைத்துக்கொள்ளலாம். மட்டை காற்றில் வந்து காற்றிலேயே போகும். என் முதல் அடியைப் பார்த்த மச்சினன் கூலிங் கிளாஸைக் கழற்றிவிட்டுப் பார்த்தான். ஆனால் குழிக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் நான் வேறு ஆள். குழியைச் சுற்றி வழவழவென்று வெட்டிய ஒரு புல் வட்டம் இருக்கும், கிரீன் என்பார்கள். அதற்கு வெளியே ஒரு பத்தடியில் பந்து கிடக்கும். வெட்ஜ் என்று ஒரு சாய்ந்த இரும்பு மட்டை இருக்கிறது. அதை எடுத்து, பந்துக்கு அடியில் தரையை லேசாகத் தடவின மாதிரி ஒரு தட்டு தட்டினால் பந்து எழும்பிப் போய்க் குழிக்குப் பக்கத்தில் உட்காரும். குழந்தை செய்யும் என்பார்கள். நான் தட்டினால் மட்டையின் விளிம்பு பந்தின் மண்டையில் படும். பந்து எழும்பாது; விழுந்தடித்துக்கொண்டு கிரீனைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடும். அங்கே போய் மறுபடி தட்டினால் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும். கிரீனுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நான் போட்ட நடையில் சர்க்கரை குறைந்தது உண்மைதான்.

போன கோடையில் கணக்குக் கூட்டிப் பார்த்தால் நூற்றெட்டு. மச்சினன் அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். அன்றோடு என் பெயர் போயிற்று. எந்த விசேஷ வீட்டுக்குப் போனாலும், "நூத்தியெட்டு வருது, வழி விடுங்க" என்று ஒருவன் ஆரம்பிப்பான், இன்னொருவன் வாயாலேயே ஆம்புலன்ஸ் சத்தம் கொடுப்பான். காதுகுத்து வீட்டில் என்னைவிட இருபது வயது சின்னவன் ஒருவன் எனக்கு ஸ்ட்ரெச்சர் வேண்டுமா என்று கேட்டான். நானும் சிரித்துவைத்தேன். உள்ளுக்குள் எரிந்தது.

தையில் மகளுக்குக் கல்யாணம் என்று நிச்சயமானது. மாப்பிள்ளை வீட்டார் திருச்சி. நிச்சயத்துக்கு வந்தவர்கள் போன பிறகு என் மனைவி பாத்திரத்தை எடுத்து வைத்தபடி, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்: "கல்யாண மண்டபத்துல எவனும் அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிடக் கூடாது. சொல்லிட்டேன்."

அவள் சொன்னதில் கேலி இல்லை. மற்ற ஊர்களில் ஆம்புலன்ஸ் போனால் ஒதுங்கி வழி விடுவார்கள். எங்கள் பக்கத்தில் அந்தச் சத்தம் கேட்டால் எல்லோரும் முதலில் வானத்தைப் பார்ப்போம், புகை எந்தத் திசையில் என்று. பிறகு போனை எடுப்போம். நாலைந்து பேர் எடுத்துப் பேசிய பிறகுதான் விட்ட வேலையைத் தொடுவோம். மகள் கழுத்தில் தாலி ஏறுகிற இடத்தில் அந்தச் சத்தத்தை ஒருவன் வேடிக்கைக்குப் போடுவதை அவளால் தாங்க முடியாது. எனக்கும் அது புரிந்தது.

மச்சினனிடம் பேசினேன். அவன் யோசித்துவிட்டு, "மார்க் நூறுக்குக் கீழ வந்துட்டா நானே குழுவுல போட்டு பேர மாத்துறேன் அத்தான். நூத்துக்குள்ள வாங்க, அது போதும்" என்றான். சொன்னால் நிறுத்திவிட வேண்டியதுதானே, இதற்கு எதற்கு நிபந்தனை என்று கேட்டேன். ஊர் வாயை உலை மூடியால் மூட முடியாது, மார்க்கால்தான் மூட முடியும் என்றான். கார்த்திகையில் கொடைக்கானல் போவது என்று முடிவானது.

பழகுவதற்கு இடம் வேண்டுமே. எங்கள் கம்பெனிக்குள்ளேயே அறைக்கும் அறைக்கும் நடுவில் விதிப்படி விட்ட காலி இடம் எம்புட்டோ கிடக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பையோடு போனேன். வாசல் காவலாளி பையைத் திறந்து பார்த்தார், மூடினார், பீடிக் கட்டும் செல்போனும் வாங்கி வைக்கிற பெட்டிக்குப் பக்கத்தில் சாத்தி வைத்தார். "அம்புட்டும் இரும்புங்க ஐயா. உள்ள விட முடியாது" என்றார். நான் முதலாளி என்றேன். "அதான் ஐயான்னு சொல்லுதேன்" என்றார். வீட்டுக்கு வந்தால் என் மனைவி அதற்குள் விஷயம் தெரிந்து, அவருக்கு ஒரு வேட்டி எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் ஆனைக்குட்டம் அணைதான் கை கொடுத்தது. ஆடியில் தண்ணீர் வற்றி உள்வாங்கின இடத்தில் கொஞ்சம் பச்சை இருக்கும். விடிந்ததும் போய்விடுவேன். ஒரு தகர டப்பாவைப் புதைத்துக் குழி செய்துகொண்டேன். அங்கே தினமும் ஆடு மேய்க்க வரும் அம்மா ஒருத்தி முதல் நாள் முழுக்கக் கம்பை ஊன்றிக்கொண்டு பார்த்தாள். மறுநாள் கிட்டே வந்தாள்.

"என்னய்யா தொலைச்சீக? நேத்துலேருந்து தேடுறீக."

"தேடல ஆத்தா. விளையாடுறேன். பந்த அந்த டப்பாக்குள்ள போடணும்."

அவள் டப்பாவைப் பார்த்தாள், என் காலடியில் கிடந்த பந்தைப் பார்த்தாள். "இந்தாதான இருக்கு. கையால எடுத்துப் போட்டுற வேண்டியதுதான" என்றாள்.

போனில் எத்தனையோ பேர் சொல்லித் தருகிறார்கள். பந்தைப் பின்காலுக்கு நேரே வை என்கிறான் ஒருவன். எடையை முன்காலில் போடு என்கிறான் இன்னொருவன். மணிக்கட்டை மடக்காதே, முட்டியை விறைக்காதே, மூச்சை விடாதே. எல்லோரும் ஒரே குரலில் சொல்வது ஒன்றுதான்: மட்டை தரையைத் தொட வேண்டும், பயப்படாமல் தொட வேண்டும். நானும் தொடுகிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பந்து மட்டும் மண்டையில் அடிபட்டு ஓடியது. மட்டை பழசு என்றேன், தரை மேடு என்றேன், வெயில் கண்ணில் படுகிறது என்றேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எனக்கு ஓர் அணையே கோணலாக இருந்தது.

ஒரு நாள் போனைக் கல்லில் சாத்திப் படம் எடுத்து மச்சினனுக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டு, ஏதோ தப்பு இருக்கிறது, என்னவென்று தெரியவில்லை என்றான். சாப்பிடும்போது என் மனைவி அதை வாங்கிப் பார்த்தாள். மெதுவாக ஓட வைத்து மறுபடி பார்த்தாள்.

"அடிக்கும்போது எதுக்குக் கையத் தூக்குறீக?"

"தூக்கலையே."

"இந்தா பாருங்க. நல்லாத்தான் வருது. இரும்பு தரைக்குக் கிட்ட வரவும் வெடுக்குன்னு தூக்குறீக." இன்னொரு தடவை ஓட்டினாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தவள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சிரித்தாள். "மாமா இருந்திருந்தா இதப் பாத்து எம்புட்டுச் சந்தோசப்பட்டுருப்பாக."

மாமா என்பது என் அப்பா. ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்தவர். அவள் சொன்ன பிறகுதான் எனக்கும் விளங்கியது. வெடியில் போடுகிற தூளை நாங்கள் மருந்து என்போம். மருந்து இருக்கிற இடத்தில் இரும்பு தரையில் உரசக் கூடாது. ஒரு பொறி போதும். அள்ளுவது பித்தளைக் கரண்டி, தட்டுவது மரக்கட்டை, உள்ளே போகும்போது வெறுங்கால். அப்பா கம்பெனியில் மட்டும் அப்படி இல்லை; வீட்டிலும் அப்படித்தான். கடப்பாரையைக் கீழே வைத்தால் தூங்குகிற பிள்ளையைப் படுக்க வைப்பது போல வைப்பார். நான் இரும்பு நாற்காலியை இழுத்தால் முதுகில் ஒன்று விழும், பிறகுதான் காரணம் வரும். எங்கள் ஊர்க்காரனை வெளியூரில் கண்டுபிடிக்க வேண்டுமா, விருந்தில் பாருங்கள். எல்லோரும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார்கள். அவன் தூக்கிப் போட்டு உட்காருவான். அவனுக்கே தெரியாது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள்.

நோய் தெரிந்துவிட்டது, வைத்தியம் செய்துவிடலாம் என்று கிளம்பினேன். மறுநாள் ஆனைக்குட்டத்தில் பந்தே இல்லாமல் வெறும் தரையை அடித்துப் பழகினேன். முதல் அடியில் மட்டை ஒரு சரளைக்கல்லில் பட்டு 'ணங்' என்றது. நான் மட்டையைப் போட்டுவிட்டு நாலடி பின்னால் குதித்தேன். ஆடுகள்கூட அசையவில்லை. அந்த அம்மா மட்டும், "என்னய்யா, பாம்பா?" என்றாள்.

பிறகு ஒவ்வோர் அடிக்கும் முன்னால் எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்: இங்கே மருந்து இல்லை. இது வெறும் மண். இங்கே மருந்து இல்லை. அடுத்து, பந்துக்கு முன்னால் ஒரு வேப்பிலையைப் போட்டு, பந்தை அடித்த கையோடு மட்டை அந்த இலையையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று பழகினேன். ஆடி போய் ஆவணி வந்தது. சீசன் நெருக்கத்திலும் விடியலில் ஒரு மணி நேரம் எனக்கென்று வைத்துக்கொண்டேன். மெல்ல மெல்லக் கை இறங்கியது. ஒரு நாள் பந்து எழும்பியது. என்னால் நம்ப முடியவில்லை. சின்னதாக ஒரு வளைவு போட்டு, விழுந்து, ரெண்டு தத்து தத்தி, டப்பாவுக்குப் பக்கத்தில் போய் நின்றது. அந்தக் காலையில் எனக்கு இருந்த சந்தோஷத்தை என் கல்யாணத்தோடு ஒப்பிட்டு வீட்டில் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன். தீபாவளிக்கு முன்னால் வீடியோ பார்த்த மச்சினன், "அத்தான், தேறிட்டீக. நூறெல்லாம் இனிமே தூசி" என்றான். ஆட்டுக்கார அம்மாகூட ஒரு நாள் "பரவால்ல" என்றாள்.

தீபாவளி முடிந்து கம்பெனியைப் பூசை போட்டு மறுபடி திறந்தோம். அன்றைக்கு ஏதோ ஒரு லோடு விஷயமாகக் கையெழுத்துப் போட வாசல் அறைக்குப் போனேன். அந்த மூலையில் ஓர் இரும்பு நாற்காலி கிடந்தது. மேசை இந்த மூலையில். நாற்காலியைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். சிமெண்டுத் தரையில் அது கிரீச்சென்று கத்தியபடி என்னோடு வந்தது. மேசைக்கு முன்னால் போட்டு உட்கார்ந்து பேனாவைத் திறந்தேன்.

நிமிர்ந்தால் காவலாளி எழுந்து நின்றுகொண்டிருக்கிறார். தண்ணீர்க் குடத்தோடு போன ரெண்டு பெண்கள் குடத்தை இடுப்பில் வைத்தபடி அப்படியே நிற்கிறார்கள். எட்டத்து அறை வாசலில் மூன்று நாலு தலைகள் எட்டிப் பார்க்கின்றன. எல்லோருடைய தோளும் காதுப் பக்கம் ஏறியிருந்தது.

"என்ன, எல்லாரும் என்னயப் பாக்குறீக?" என்று கேட்டேன்.

அலுவலக வாசலில் என் மனைவி நின்றாள். அவள் நாற்காலியைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள்.

"கோல்ஃப் நல்லா வந்துருச்சு போல" என்றாள்.

அந்த அறையில் மருந்து கிடையாது. ஒன்றும் ஆகியிருக்காது. ஆனாலும் கையெழுத்துப் போடாமல் பேனாவை மூடினேன். அந்தச் சத்தம் என் காதிலும் விழுந்திருக்கிறது. என் கையில் ஒரு மயிர்க்கால்கூட அசையவில்லை. அப்பா முதுகில் வைத்துச் சேர்த்த சொத்து அது. ஒரு தகர டப்பாவுக்காக நானே ரெண்டு மூன்று மாதமாகக் காலையில் எழுந்து போய்த் தேய்த்து அழித்திருக்கிறேன். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை. எனக்கு என்மேலேயே பயமாக இருந்தது.

மத்தியானம் சோறு போடும்போது அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. அதுதான் மோசம்.

"சட்டமெல்லாம் சுவத்துல பெருசாத்தான் எழுதிப் போட்டுருக்கோம்" என்றாள். "அதப் படிச்சிட்டா எல்லாரும் வேல பாக்காக? கை தானா நிக்குது. அந்தக் கை நிக்கிறதாலதான் நம்ம சாயங்காலம் வீட்டுக்கு வாறோம். உங்க கை மட்டும் இப்ப நிக்கல."

"இனிமே அந்த மட்டையத் தொடல."

"பேரு மாற வேண்டாமா?"

அவளே ரசத்தை ஊற்றிக்கொண்டு, "பித்தளையில செய்யச் சொல்லுங்க" என்றாள். எங்களுக்கு மருந்துக் கரண்டி அடித்துத் தரும் பாத்திரப் பட்டறையில் அவளே சொல்லியும்விட்டாள். பித்தளை என்றால் கை எப்போதும் நின்றதில்லை. நிற்க வேண்டியதும் இல்லை. வந்து சேர்ந்த மட்டையைப் பார்த்தால் நீளக் காம்பு வைத்த அன்னக்கரண்டி. பட்டறைக்காரர் பழக்கத்தில் ஓரத்தை நன்றாகத் தடிப்பாக்கி உருட்டி வேறு விட்டிருந்தார். ஆனால் ஆனைக்குட்டத்துப் புல்லில் அது தரையைத் தொட்டது, பந்தைத் தூக்கியது. இரும்பு மட்டையின் நறுக்கு இல்லை. பந்து கொஞ்சம் சோம்பலாகத்தான் போனது. இருந்தாலும் போனது.

கார்த்திகையில் கொடைக்கானல். மச்சினன் என் பையைத் திறந்து பித்தளையை வெளியே எடுத்தான்.

"இது எதுக்கு அத்தான், சாம்பார் ஊத்தவா?"

"ஆட்டத்துக்கு."

விதியில் இடம் இருக்கிறதா என்று போனில் தேடிப் பார்த்தான். பித்தளை கூடாது என்று அவன் கண்ணுக்கு எதுவும் படவில்லை. அவனோடு வந்த ரெண்டு நண்பர்களும் அதை வாங்கித் தட்டிப் பார்த்து, மணி மாதிரிக் கேட்கிறது என்றார்கள். அதற்கப்புறம் அவர்கள் சிரிப்பதற்கு அதிகம் இடம் கிடைக்கவில்லை. எனக்குத் தூர அடி எப்போதும் போல விழுந்தது. கிரீனுக்குப் பக்கத்தில் வந்ததும் கரண்டியை எடுப்பேன், பந்து எழும்பிப் போய் உட்காரும். ஒரு கிரீனில் காட்டெருமை ஒன்று நின்று தாமதம் செய்ததைத் தவிர எந்தத் தடங்கலும் இல்லை. மச்சினன் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கணக்குப் போட ஆரம்பித்தான்.

கடைசிக் குழி. கிரீனுக்கு வெளியே பந்து கிடக்கிறது. அதுவரை தொண்ணூற்றேழு. ஒரு தட்டு, ஓர் உருட்டு, தொண்ணூற்றொன்பது. ஆம்புலன்ஸ் ஒழிந்தது. ஆனால் பந்து புல்லில் இல்லை. நடைபாதை ஓரத்துச் சரளையில், கல்லோடு கல்லாக உட்கார்ந்திருந்தது. பித்தளையின் தடித்த ஓரம் அந்தக் கல்லில் பட்டு எகிறும், பந்துக்கு அடியில் போகாது. அது எனக்கு மட்டையைப் பையிலிருந்து உருவும்போதே தெரிந்தது.

மச்சினனுக்கும் தெரிந்தது. தன்னுடைய வெட்ஜை எடுத்து நீட்டினான். மெல்லிய ஓரம். "ஒரே ஒரு தட்டு அத்தான். அடுத்தவன் மட்டைய வாங்கக் கூடாதுதான். நான் எதையும் பாக்கல. தொண்ணூத்தொம்பதுன்னு இப்பவே போட்டுருதேன்."

நான் அதைப் பார்த்தேன். எனக்கு அந்தத் தொண்ணூற்றொன்பது ரொம்ப வேண்டியிருந்தது. மண்டப வாசலில் நின்று வரவேற்கும்போது எவன் வாயிலிருந்தும் அந்தச் சத்தம் வரக் கூடாது என்று எத்தனை நாள் நினைத்திருக்கிறேன்.

"அங்கன பாரு, எல்லாம் கல்லு" என்றேன். "இரும்ப விட்டா உரசும்."

"உரசட்டும். கொடைக்கானல்ல என்ன மருந்தா கிடக்கு?"

"இல்ல மாப்ள. நாளைக்குக் கம்பெனிக்கும் இதே கைதான வரணும்."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவனும் நாரணாபுரத்தில் வளர்ந்தவன்தான். வெட்ஜைப் பைக்குள் திரும்ப வைத்தான். வைத்தான் என்றுதான் சொல்ல வேண்டும், போடவில்லை.

பித்தளையால் அடித்தேன். நினைத்தபடியே கல்லில் எகிறிப் பந்தின் இடுப்பில் பட்டது. பந்து தட்டுத் தடுமாறிக் கிரீனின் ஓரத்தில் ஏறி நின்றுவிட்டது. அங்கிருந்து ஓர் உருட்டு. குழிக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. இன்னொன்று. நூறு. நூறுக்குக் கீழே அல்ல. சரியாக நூறு.

மலை இறங்கி வத்தலக்குண்டைத் தாண்டினோம். பிறகு மச்சினன் வண்டியை ஓட்டியபடியே குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தான். "அத்தான், நூறு யாரு நம்பர் தெரியும்ல" என்றான். எனக்கு அப்போதுதான் உறைத்தது. வீடு வந்து சேர்வதற்குள் குழுவில் போட்டுவிட்டான்: நூற்றெட்டு சேவை இன்றோடு நிறுத்தப்பட்டது, இனி அத்தான் போலீஸ்.

தையில் கல்யாணம். மண்டப வாசலில் நின்றேன். "போலீஸ் நிக்குது, ஹெல்மெட்ட மாட்டுங்கலே" என்றபடி சொந்தக்காரர்கள் உள்ளே போனார்கள். காதுகுத்து வீட்டில் ஸ்ட்ரெச்சர் கேட்டவன் எனக்கு விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தான். சம்பந்தி ஒன்றும் புரியாமல், எந்த ஸ்டேஷனில் இருந்தீர்கள் என்று மரியாதையாக விசாரித்தார். என் மனைவி தாம்பாளத்தோடு என்னைக் கடந்து போகும்போது, "போலீஸ் வந்தாப் பரவால்ல" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தாலி கட்டி முடிந்து கொஞ்ச நேரத்தில், மாப்பிள்ளை வீட்டுப் பையன்கள் போட்டோவுக்கு இடம் பண்ணுவதற்காக ஒரு வரிசை இரும்பு நாற்காலிகளைச் சேர்த்துப் பிடித்து இழுத்தார்கள். மண்டபத்துக் கல்தரையில் அது கிரீச்சென்று ஒரு கத்துக் கத்தியது. திருச்சிக்காரர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். எங்கள் பக்கம் மொத்தமும் நின்றுவிட்டது. பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தவன் கையில் கரண்டி நின்றது. மாலையோடு இருந்த மகளுக்குத் தோள் ஏறியது. மச்சினன் பாதி வார்த்தையில் நின்றான்.

மேடைக்கு அந்தப் பக்கம் நின்ற என் மனைவி நாற்காலிகளைப் பார்க்கவில்லை. நேராக என்னைத்தான் பார்த்தாள். நான் குனிந்து பார்த்தேன். சந்தனக் கிண்ணம் பிடித்திருந்த என் கை, நான் சொல்லாமலேயே, நெஞ்சு உயரத்துக்கு ஏறியிருந்தது. பாதிச் சந்தனம் சட்டையில். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடுத்த பந்திக்கு இலை போடச் சொல்லப் போனாள்.